முன்பக்கத்து ஒடுக்கு

கார் ஒடுக்கு எடுக்கிற அந்தப் பட்டறைக்கு வருகிற இளவட்டங்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். "நான் சும்மா நின்னுட்டுத்தான் இருந்தேன் அண்ணே, அவன்தான் வந்து இடிச்சுட்டான்." இளசுகள் எல்லாம் இப்படி நின்றுகொண்டே இருந்தால் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் யார் என்று டிங்கருக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். வாய்விட்டுக் கேட்க மாட்டார். பிழைப்பைக் கெடுத்துக்கொள்வானேன். "அப்படியா தம்பி, பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டு நசுங்கின தகட்டைக் கையால் ஒரு தடவு தடவுவார். தடவின கைக்கு நடந்தது தெரிந்துவிடும்.

அதில் மாயம் மந்திரம் ஒன்றும் இல்லை. ஓடுகிற வண்டியில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் மூக்கு குனியும். குனிந்த மூக்கோடு போய் முன்னால் இருக்கிற வண்டியில் முட்டினால் அடி மேலே, பானெட் விளிம்பில் விழும். நிஜமாகவே நின்றுகொண்டிருந்த வண்டி என்றால் மூக்கு குனிய வேண்டிய அவசியம் இல்லை. அடி கீழே, பம்பரில் விழும். இந்தத் தொழிலில் கொஞ்சநாள் சுத்தியல் பிடித்த யாருக்கும் தெரிகிற சங்கதிதான். டிங்கர் அதைச் சாயங்காலத்தில் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். பட்டறையும் வீடும் ஒட்டினாற்போல் இருக்கும். நடுவில் இருக்கிற ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு அவள் கார்களுக்கு சீட் கவர் தைப்பாள். சுற்றிலும் ரெக்ஸின் சுருள்கள் நிற்கும். நல்ல வெயில் நாளில் அந்த ரெக்ஸின் வாடை தெருமுனை வரைக்கும் போகும்.

"இன்னிக்கு ஒருத்தன் வந்தான். நின்னுட்டு இருந்தானாம். பானெட் காகிதம் மாதிரி கசங்கிக் கெடக்கு."

"நின்னுட்டு இருந்தவன் எதிர்ல வந்தவனுக்குக் குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டிருப்பான். நீங்க ஏன் தப்பா நெனக்கிறீங்க?" என்பாள் மெஷினிலிருந்து காலை எடுக்காமல்.

அடுத்தவன் வீட்டுப் பிள்ளையின் பொய்யை விரலால் தடவிக் கண்டுபிடிக்கிற இந்த மனுஷன், தன் வீட்டுப் பிள்ளை விஷயத்தில் எப்படிக் கோட்டை விட்டார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் மகளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. அப்பாவை விட உயரமாக வளர்ந்துவிட்டாள். இருந்தாலும் வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. எத்தனையோ பேர் கேட்டு இவளுக்குக் கிடைத்த இடம். ஒரே சிக்கல், காலை வேலை முதல் பஸ் கிளம்புவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். அதனால் பாப்பா படாதபாடு பட்டு ஓட்டக் கற்று, லைசென்சும் வாங்கிவிட்டாள். டிங்கரின் பழைய கார் வாசலில் நின்றது. பம்பர்கூட இரும்பில் வந்த காலத்து வண்டி. அவர் அதை ஒரு கீறல் இல்லாமல் வைத்திருந்தார். பாக்கி இருந்தது இன்சூரன்ஸ் மட்டும்தான்.

அதற்காகப் பாப்பாவின் மாமாவை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவின் தம்பி, இன்சூரன்ஸ் ஏஜெண்ட். கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் பாலிசி பேசுகிற ஆள் என்று டிங்கர் கிண்டல் செய்வார். ஆனால் அன்றைக்கு அவருக்கு வைத்த மீன்துண்டுதான் தட்டுகளிலேயே பெரியது.

"மாமா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. நான் இந்த வண்டிய எடுக்கணும்னா என்னென்ன வேணும்?" என்றாள் பாப்பா.

"லைசென்ஸ் வந்தாச்சு. இனிமே இன்சூரன்ஸ்ல உன் பேரு ஏறணும். இப்ப இருக்கிற பாலிசில உங்கப்பா ஓட்டுனாத்தான் கம்பெனி பொறுப்பு. உன் பேரு இல்லாம நீ எடுத்துட்டுப்போய் ஒரு கோழிய இடிச்சாக்கூட, கோழிக்காரன் நேரா நம்ம வாசல்லதான் வந்து நிப்பான்."

"எனக்குன்னு தனியா பாலிசி எடுத்தா?"

"எடுக்கலாம். யாரு வேணாங்கிறா? பதினெட்டு வயசு, லைசென்ஸ்ல இன்னும் மை காயலன்னு சொன்னா கம்பெனிக்காரன் நாற்காலியிலேருந்து விழுந்துடுவான். விழுந்து எழுந்து ஒரு பிரீமியம் சொல்லுவான் பாரு, அதுக்கு இதே மாதிரி இன்னொரு கார் வாங்கிடலாம்."

"சின்னப் பசங்கன்னா அவ்வளவு இளக்காரமா?"

"இளக்காரம் இல்ல பாப்பா, பயம். புதுசா ஓட்டுறவங்கதான் அதிகம் இடிக்கிறாங்க. உங்கப்பா பட்டறையே அதுலதானே ஓடுது." மாமா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தொடர்ந்தார். "அதனால அத்தான் பாலிசிலயே உன்னக் கூடுதல் ஓட்டுநரா சேத்துடலாம். ஏறும், ஆனா மூச்சு முட்டாது. பள்ளிக்கூடத்துல நல்ல மார்க் எடுத்திருந்தா கொஞ்சம் கழிப்பான். ஓட்டுநர் பள்ளியில கூடுதலா பயிற்சி எடுத்திருந்தா இன்னும் கொஞ்சம் கழிப்பான்."

"மார்க்குக்கும் பிரேக்குக்கும் என்னடா சம்பந்தம்?" என்றாள் அக்காக்காரி.

"கணக்கு ஒழுங்காப் போடுற பிள்ள கண்ணுமண்ணு தெரியாம ஓட்டாதுன்னு ஒரு நம்பிக்கைக்கா."

"அப்ப நான் எடுத்த மார்க்குக்கு என்னை நடக்கக்கூட விட்டிருக்க மாட்டான்" என்றார் டிங்கர். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அவர் மனசில் இருந்ததையும் போட்டார். "ஏன் மச்சான், இப்படிப் பண்ணா என்ன? வண்டிய ஓட்டப்போறது உங்கக்கான்னு எழுதிடு. வயசானவ, நிதானமானவ. பாப்பா எப்பவாவது எடுப்பான்னு சொல்லிக்கலாம்."

"யாரு வயசானவ?" என்றாள் மனைவி. "எனக்கு சைக்கிளே வராது. லைசென்ஸ் எங்கேன்னு கேட்டா தையல் மெஷினக் காட்டுறதா?"

மச்சான் சிரிக்கவில்லை. கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "அத்தான், இந்த வேலை மட்டும் வேணாம். தினமும் ஓட்டுறது யாருங்கிறத மாத்திச் சொன்னா, நாளைக்கு ஒரு அடின்னு வரும்போது இந்தப் பாலிசி செல்லாதுன்னு கைய விரிச்சிடுவான். அடிபட்டவனுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். எத்தன குடும்பத்துல பாத்திருக்கேன். உள்ளதச் சொல்லி உக்காருங்க, நிம்மதியாத் தூங்கலாம்."

"சரி சரி, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"இன்னொரு வழி இருக்கு. வண்டியில ஒரு சின்னப் பெட்டி மாட்டிடுவாங்க. எவ்வளவு வேகம் போன, எங்க பிரேக் அடிச்ச, எப்படித் திருப்புன, எல்லாம் பதிஞ்சு கம்பெனிக்குப் போயிடும். ஒழுங்கா ஓட்டினா பிரீமியம் இறங்கிக்கிட்டே வரும்."

டிங்கரின் முகம் மலர்ந்தது. பாப்பாவின் முகம் சுருங்கியது.

"என்னை நம்பலையாப்பா?"

"நம்பாம என்னம்மா..." என்று இழுத்துவிட்டு டிங்கர் மீனில் முள் தேடினார்.

"பெட்டியெல்லாம் வேணாம்டா" என்று முடித்துவைத்தாள் அம்மா. "ஏற்கெனவே வீட்ல ஒரு பெட்டி இருக்கு. பாப்பா பக்கத்து சீட்ல உக்காந்துக்கிட்டு இல்லாத பிரேக்க மிதிச்சு மிதிச்சு, எறங்கும்போது கால் வீங்கிப்போய் எறங்குது."

அது உண்மைதான். பாப்பா ஓட்டும்போது டிங்கரால் சும்மா உட்கார முடியாது. எதிரே ஒரு வண்டி வந்தால் வலது கால் தானாகத் தரையைத் தேடும். கால்மிதி அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது.

பெட்டி இல்லாமல் பேர் ஏறியது. விபத்து என்று நடந்தால் எடுத்தவுடனே என்ன செய்ய வேண்டும் என்று மாமா பாப்பாவுக்குப் பாடமே எடுத்தார். முதலில் எதிராளி வண்டியின் நம்பரைப் போட்டோ எடு, சண்டை போடாதே, எனக்குப் போன் பண்ணு. பாப்பா மனப்பாடம் பண்ணிக்கொண்டாள். விடியலில் அவள் வண்டியை எடுக்கும் சத்தம் தெருமுனை திரும்பி மறைகிற வரைக்கும் டிங்கர் படுக்கையில் கண்ணை விழித்துக்கொண்டு கிடப்பார். மத்தியானம் அது திரும்பி வருகிற சத்தம் கேட்டால்தான் சுத்தியல் சரியாக விழும்.

அப்படி ஒரு மாசம் போயிருக்கும். ஒருநாள் அவள் வர நேரமாகிவிட்டது. வந்தவள் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தாள். முன்பக்கம் அடி வாங்கியிருந்தது.

"மார்க்கெட் பக்கம் நிறுத்தியிருந்தேம்ப்பா. கெளம்பலாம்னு ஏறி உக்காந்தேன், இன்னும் ஸ்டார்ட் கூடப் பண்ணல. முன்னால நின்ன தண்ணிக்கேன் வேன் திடீர்னு பின்னாலயே வந்துருச்சு. ஹாரன் அடிச்சேன். நிக்கல. நான் நின்னுட்டுத்தான்ப்பா இருந்தேன்."

டிங்கரின் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. பட்டறையில் எத்தனை வாயிலிருந்து கேட்ட வாக்கியம்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். அவள் கை, தலை, கழுத்து எல்லாவற்றையும் பார்த்தார். பிள்ளை முழுசாக வந்து சேர்ந்ததே பெரிது என்று இருந்தது அவருக்கு. "சரி, விடு."

"வேன்காரர் எறங்கிப் பாத்தாரு. ஒண்ணும் ஆகல போம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதான் மாமாவுக்குப் போன் பண்ணல. ஆனா நான் நின்னுட்டு..."

"சரி விடும்மா. போய் மூஞ்சக் கழுவு."

மறுநாள் பாப்பாவுக்கு விடுமுறை. நன்றாகத் தூங்கினாள். டிங்கர் பொழுது விடியும் முன்பே எழுந்து வண்டியைச் சத்தமில்லாமல் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். இந்த விஷயம் இன்சூரன்ஸ் வரைக்கும் போனால் முதல் வருஷத்திலேயே இவள் பேரில் ஒரு கரும்புள்ளி விழும். தெருவில் நாலு பேர் பார்த்தால் 'டிங்கர் பொண்ணே இடிச்சுட்டாளா' என்று பல்லைக் காட்டுவார்கள். எதற்கு வம்பு. கையை மட்டும் வேலைக்கு அனுப்பிவிட்டு, மனசை உள்ளே தூங்குகிற பிள்ளையிடம் விட்டுவிட்டு, அவர் ஒடுக்கு எடுத்தார். அடியில் கட்டையைக் கொடுத்துத் தட்டினார், உரசினார், மேடுபள்ளம் தெரியாமல் மாவு பூசினார், தேய்த்தார், வர்ணம் அடித்தார். பாப்பா எழுந்து பல் துலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது கார் கடையிலிருந்து வந்தது மாதிரி மினுக்கிக்கொண்டு நின்றது.

"அதுக்குள்ள எடுத்துட்டீங்களா?" என்றாள் மனைவி. "தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"உன் தம்பிகிட்டக் கேட்டா ஒடுக்கு போகுமா? ஒரு ஃபாரம்தான் வரும்."

பாப்பா குனிந்து பம்பரைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஈர வர்ணம் ஒட்டியது.

ஒரு வாரம் கழித்து வினை வந்தது. ஒண்ணும் ஆகல போம்மா என்று சொன்ன வேன்காரர், ஒரு சின்னப் பெண் வேகமாக வந்து தன் வண்டியின் பின்பக்கத்தில் முட்டிவிட்டாள் என்று கிளெய்ம் போட்டிருந்தார். மச்சான் அலறியடித்துக்கொண்டு வந்தார். வாசலில் ஒடுக்கே இல்லாமல் நின்ற காரைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பா, போட்டோ எடுத்தியா?"

"எடுத்தேன் மாமா. நீங்க சொன்ன மாதிரி அவரு வண்டி நம்பர்."

"நம்ம வண்டிய?"

"நம்ம வண்டி நம்மகிட்டத்தானே இருக்குன்னு எடுக்கல."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றுவிட்டது.

"இங்க பாருங்க அத்தான்" என்றார் மச்சான் மெதுவாக. "தப்பு பாப்பா மேலன்னு முடிவாச்சுன்னா, புதுசா ஓட்டுறவ, வந்த வேகத்துல இடிச்சுட்டான்னு அவ பேரத் தூக்கிடுவான். வேற எந்தக் கம்பெனியும் கிட்ட சேத்துக்காது. முடிவு வர்ற வரைக்கும் வண்டிய எடுக்காம இருக்கிறது நல்லது."

வண்டி இல்லை என்றால் பயிற்சி இல்லை. மறுநாளிலிருந்து பாப்பா இருட்டில் எழுந்து, தன்னோடு வேலை பார்க்கிற ஒருத்தியின் வீடு வரைக்கும் நடந்துபோய், அங்கிருந்து அவள் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு போனாள். அவளுக்கு வேலை வேறு நேரத்தில் என்றால் இவளும் தாமதம். மேற்பார்வையாளர் ஒருமுறை பொறுத்துக்கொண்டார். அடுத்த முறை, இப்படியே போனால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

கம்பெனியிலிருந்து சேதம் பார்க்க ஓர் அம்மா வந்தார். கண்ணியமான மனுஷி. காரை இரண்டு தடவை சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், விளக்கடித்துப் பார்த்தார்.

"அடி எங்கேங்க?"

ஒரே ஒரு கணம் டிங்கருக்குப் பெருமையாக இருந்தது. அனுபவப்பட்ட கண்ணுக்கே தெரியவில்லை என்றால் வேலை அப்படி. மனைவி பார்த்த பார்வையில் அந்தப் பெருமை வந்த வழியே போய்விட்டது.

"எடுத்துட்டேங்க."

"நாங்க பாக்குறதுக்கு முன்னாடியேவா? ஏங்க?"

"பழக்கம்ங்க. ஒடுக்கோட ஒரு வண்டி வாசல்ல நின்னா எனக்குச் சோறு எறங்காது."

அந்த அம்மா எழுதிக்கொண்டார். "அடிபட்ட எடம் இருந்தா நின்ன வண்டியா ஓடுன வண்டியான்னு ஓரளவு சொல்லிடலாம். இப்ப அவர் சொல்றது, உங்க பொண்ணு சொல்றது, ரெண்டு பேச்சுதான் இருக்கு. அவர் ரொம்ப வருஷமா ஓட்டுறவர்" என்றார். மிச்சத்தை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் போனதும் பாப்பா கேட்டாள். "ஏம்ப்பா எடுத்தீங்க?"

"அதான் சொன்னேனேம்மா. பழக்கம்."

"பக்கத்து வீட்டு வண்டி மழைக்காலத்துலேருந்து ஒடுக்கோடதான் நிக்குது. அதப் பாத்துட்டுத்தான் மூணு வேளையும் சாப்பிடுறீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் நின்னுட்டு இருந்தேன்னு சொன்னேன். நீங்க சரி விடுன்னீங்க."

உள்ளே போய்விட்டாள். அன்றையிலிருந்து அப்பாவிடம் பேச்சைச் சுருக்கிக்கொண்டாள். சாப்பிட வாங்க, தண்ணி வேணுமா, கதவச் சாத்திக்குங்க. கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால் டிங்கருக்குச் சுகமாக இருந்திருக்கும். இந்த மரியாதைதான் அவரை அறுத்தது.

இதற்கிடையில் அவருக்கு முட்டி வலி வேறு. இரண்டு முட்டியும் சில வாரங்களாகக் கடுத்தது. மழை வரப்போகிறது, அதுதான் வலிக்கிறது என்றார். மழை வந்தது, போனது. வலி போகவில்லை. ஒரு சாயங்காலம் மனைவி தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு முட்டியும் கன்னிப்போய்க் கெடக்கு. எங்க போய் முட்டி போட்டீங்க?"

"நான் எங்க முட்டி போட்டேன்? நாள் பூரா நின்னு செய்யிற வேல."

"நின்னு செய்யிறவருக்குத் தோல் ஏன் உரியுது? யோசிச்சுப் பாருங்க. கடைசியா கீழ உக்காந்து என்ன வேல செஞ்சீங்க?"

"இந்த மாசம் பூரா பானெட்டு, கதவு, இதுதான். எல்லாம் நின்னுக்கிட்டே. நம்ம வண்டிக்கு மட்டும்தான் கீழ..."

டிங்கர் நிறுத்தினார். தைலம் தேய்த்த கையும் நின்றது.

"கீழயா?" என்றாள் அவள்.

"கீழதான். பம்பரும் அதுக்கு அடியில இருக்கிற தகடும். முட்டி போட்டுத்தான் தட்டுனேன். கொஞ்ச நேரம் ஒருச்சாய்ச்சுப் படுத்துக்கிட்டுக்கூடத் தட்டுனேன்." அவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத கட்டையை இல்லாத தகட்டுக்கு அடியில் கொடுத்துப் பார்த்தார். கை தரையோடு தரையாகப் போனது. "பானெட்ட நான் தொடவே இல்ல."

"அப்படின்னா பாப்பா..."

"நின்னுட்டுத்தான் இருந்திருக்கா."

ஊரான் வீட்டு வண்டியை எல்லாம் தடவித் தடவிப் பார்த்தவர், சொந்த வண்டியைத் தடவிப் பார்க்காமலே தட்டியிருக்கிறார். தடவிப் பார்க்க என்ன இருக்கிறது, பிள்ளைதான் இடித்திருப்பாள் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் சுத்தியலையே எடுத்திருக்கிறார். அதை நினைத்ததும் டிங்கருக்கு வெட்கமாக இருந்தது. அதே சமயம் சந்தோஷமாகவும் இருந்தது. மகள் பொய் சொல்லவில்லை. ஓடிப்போய்ச் சொன்னால் சிரித்துவிடுவாள் என்று நினைத்தார்.

பாப்பா அப்போதுதான் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நொண்டிக்கொண்டே போனார்.

"பாப்பா, நீ சொன்னது நெசந்தாம்மா."

"எது?"

"நின்னுட்டு இருந்தது."

"எப்படித் தெரியும்?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். குனிகிற மூக்கு, மேலே விழுகிற அடி, கீழே விழுகிற அடி, முட்டியில் உரிந்த தோல். வேட்டியை விலக்கி முட்டியைக்கூடக் காட்டினார். பாப்பா கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"உங்க முட்டி சொன்னப்புறம்தான் என்னை நம்புவீங்களாப்பா?"

டிங்கர் வேட்டியை இறக்கிவிட்டார். "பட்டறைக்கு வர்றவன் எல்லாம் இதையேதாம்மா சொல்லுவான்" என்றார்.

"நான் பட்டறைக்கு வர்றவளா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருக்கும்தான்.

"தப்புதாம்மா" என்றார் டிங்கர்.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறக்கவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பஸ் பிடித்து, சேதம் பார்க்க வந்த அந்த அம்மாவின் ஆபீசுக்குப் போனார். மாடிப்படி ஒவ்வொன்றும் முட்டியில் ஏறியது.

"அன்னிக்குப் பழக்கம்னு சொன்னேங்க. அது பொய். எம்பொண்ணு மேல தப்புன்னு நானே நெனச்சுக்கிட்டு, வெளிய தெரியாம இருக்கட்டும்னுதான் எடுத்தேன். அவகிட்ட ஒரு வார்த்த கேக்கல."

"இத எழுதுனா உங்களுக்கு நல்லதில்லையே. பெத்த அப்பாவே அவ மேலதான் தப்புன்னு நெனச்சாருன்னு ஆயிடும்."

"ஆகட்டுங்க. நெனச்சது நெசந்தானே. அதோட இதையும் எழுதிக்குங்க. அடி கீழதான் இருந்துச்சு." முட்டிக் கதையையும் சொன்னார்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொல்லாத சிரிப்பு இல்லை. "உங்க முட்டிய நான் எப்படிங்க ரிப்போர்ட்ல சேக்குறது?" என்றார். ஆனாலும் அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். வேனின் பின்பக்கத்தையும் தானே போய்ப் பார்ப்பதாகச் சொன்னார்.

முடிவு வந்தது. வேனில் இருந்த அடியும் தாழ்வாகத்தான் இருந்ததாம், ஆனால் அது பழைய அடியா புது அடியா என்று சொல்ல முடியவில்லையாம். ஆக, இரண்டு பக்கமும் பாதிப் பாதி. பாப்பாவின் பேர் பாலிசியில் இருக்கலாம். ஆனால் வண்டியில் பெட்டி மாட்டித்தான் ஆக வேண்டும். மச்சான் இதைச் சொல்லும்போது மறுபடியும் மீன்தான். இந்தத் தடவை பெரிய துண்டு பாப்பாவின் தட்டில் இருந்தது.

"நான் பண்ணாத தப்புல எனக்குப் பாதியா மாமா?"

"அந்தப் பாதி என்னோடதும்மா" என்றார் டிங்கர்.

பாப்பா அவரைப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மாமாவிடம் திரும்பி, "பெட்டிய மாட்டச் சொல்லுங்க. எனக்கும் ஒரு சாட்சி இருக்கட்டும்" என்றாள். அது குத்தலா, இல்லையா என்று டிங்கருக்குப் புரியவில்லை. குத்தல் என்றே வைத்துக்கொண்டார். தாமதமாக வந்ததற்கெல்லாம் மேற்பார்வையாளரிடம் அவளே பேசி, இடத்தைத் தக்கவைத்துக்கொண்டாள்.

பெட்டி மாட்டின வாரக் கடைசியில் முட்டியை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். பாப்பா வண்டியை எடுத்தாள். டிங்கர் பக்கத்து சீட்டில் ஏறினார்.

"காலத் தரையில ஊனக் கூடாது. இருக்கிற வலி போதும்" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தாள் மனைவி.

டிங்கர் ஒரு முடிவோடுதான் ஏறியிருந்தார். ரோட்டைப் பார்த்தால்தானே கால் பிரேக்கைத் தேடும். தெருமுனை தாண்டினதும் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் மூடின கண்ணுக்குள்ளும் லாரியாக வந்தது. பிறகு வண்டியின் ஓட்டம் உடம்புக்குப் பிடிபட்டது. கியர் மாற்றுவது தெரியாமல் மாற்றினாள். வளைவில் அலுங்காமல் திருப்பினாள். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்தும் இது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டார். அப்படியே லேசாகக் கண் அயர்ந்துவிட்டது.

திடீரென்று உடம்பு முன்னால் போய் பெல்ட் நெஞ்சைப் பிடித்து இழுத்தது. வண்டி நின்றிருந்தது. பெட்டி 'ப்பீங்' என்றது.

"நாய்ப்பா" என்றாள் பாப்பா. அவளுக்கு மூச்சு வாங்கியது. "குறுக்க ஓடிருச்சு. அந்தச் சந்துக்குள்ள போயிருச்சு."

டிங்கர் கண்ணைத் திறந்து பார்த்தார். சந்து இருந்தது. நாய் இல்லை.

"நாய்க்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லப்பா. தப்பிச்சிருச்சு."

"சரி, பாத்துப் போ" என்றார். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருக்கும்போது போன் வந்தது. மச்சான்தான்.

"அத்தான், கம்பெனியிலேருந்து தகவல் வந்திருக்கு. இப்பத்தான் பலமா பிரேக் அடிச்சிருக்காம். பாப்பாதானே ஓட்டுனா? என்ன காரணம்னு கேக்குறாங்க."

"நாய் குறுக்க வந்துச்சு."

"நீங்க பாத்தீங்களா? பக்கத்துலதானே இருந்தீங்க?"

பாப்பா கையில் இருந்த பத்திரிகையைப் புரட்டாமல் அப்படியே வைத்திருந்தாள். டிங்கர் வலிக்கிற முட்டியைத் தடவிக்கொண்டார்.

"நான் பாக்கல மச்சான். பாப்பா பாத்திருக்கா. அதையே எழுதிக்கோ."